விடுமுறைப் பையில் ஒர்க்‌ஷீட் ஏன் இல்லை?

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு முடியப்போகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான விடுமுறைப் பை, நம் மேற்கு மாம்பலம் கடையில் இந்தக் கோடைக்கும் தயார். போன வருடம் வாங்கிப்போன பலர் திரும்ப வந்து கேட்டது ஒன்றுதான்: “பல்லாங்குழி, தாயக்கட்டை, சாக்பீஸ் எல்லாம் சரி, எழுதிப் பழக ஒரு ஒர்க்‌ஷீட்கூட இல்லையே?” கூட்ட நேரத்தில், பில் போட்டுக்கொண்டே அதற்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

ஒர்க்‌ஷீட்டுக்கு நாங்கள் எதிரி இல்லை. கடையில் ஒரு அலமாரி முழுக்க அதுதான் இருக்கிறது. ஆனால் அதைக் கையில் கொடுத்துவிட்டால் பிள்ளை ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருக்கும், பெரியவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை தனியாக ஆட முடியாதவை. வேண்டுமென்றேதான் அப்படித் தேர்ந்தெடுத்தோம். பாட்டி, தாத்தா, அத்தை, ஆபீஸிலிருந்து வந்த அப்பா, யாராவது ஒருவர் தினம் அரைமணி நேரம் தரையில் உட்கார வேண்டும். போனைப் பிடுங்கி வைப்பதைவிட இது சுலபம் என்பது எங்கள் எண்ணம்.

பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து போட்டால் 70 சோழி, ஆறு போட்டால் 84. பையில் 84 வைத்திருக்கிறோம். சரியாக இருக்கிறதா என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள்; பத்துப் பத்தாகக் குவிக்கத் தானே வழி கண்டுபிடிக்கும். முதல் சில ஆட்டங்களில் ஒவ்வொரு சோழியையும் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணும். அப்புறம் ஒருநாள் பாருங்கள், குழியில் கையே வைக்காமல், விரலைக் காற்றில் நகர்த்திக்கொண்டு, “இதுல அஞ்சு இருக்கு, எடுத்தா அங்க முடியும், அதுக்கு அடுத்தது காலி” என்று முணுமுணுக்கும். மனக்கணக்கு என்று நாம் தனியாக டியூஷன் வைப்பது இதற்குத்தான். நான்கு சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று எடுக்க, கண் எதிராளியின் கையோடு ஓட வேண்டும், கவனம் தப்பினால் பசுவும் தப்பிவிடும். விதிகள் வீட்டுக்கு வீடு மாறும். பையில் ஒரு விதித்தாள் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாட்டி வேறு மாதிரி சொன்னால், பாட்டி சொல்வதுதான் விதி.

தாயக்கட்டை நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. கட்டையின் நான்கு பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், ஒரு பக்கம் வெறுமை. இரண்டு கட்டையும் சேர்ந்து விழும் வகை மொத்தம் 16. இதில் மூன்று விழ நான்கு வழி, தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டே வழி, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் (இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு) ஒவ்வொரு வழிதான். இதை நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கட்டம் போட்ட நோட்டில் விழுந்த எண்ணுக்கு நேரே ஒவ்வொரு கோடாகப் போடச் சொல்லுங்கள். நூறு முறை உருட்டினால் எந்தக் கோட்டுவரிசை நீள்கிறது என்று தானே தெரியும். “தாயம் ஏன் விழவே மாட்டேங்குது” என்று அழுத பிள்ளைக்குக் காரணமும் கிடைத்துவிடும்.

அழுகை பற்றியும் சொல்லவேண்டும். தோற்றதும் சோழியை வாரி வீசும் பிள்ளைகள் உண்டு. அதற்காக ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள். அது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். கோபம் வந்தது தப்பில்லை என்று சொல்லுங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள், சோழியை இரண்டு பேருமாகப் பொறுக்குங்கள். மறுநாள் அதே பிள்ளைதான் முதலில் பலகையை எடுத்து வைக்கும்.

கோலத்துக்கு மாவு வைக்கவில்லை, சாக்பீஸ் போதும். நேர்ப்புள்ளியில் ஐந்துக்கு ஐந்து வைத்தால் 25. நடுவரிசை ஏழில் தொடங்கி, இருபுறமும் ஐந்து, மூன்று என்று குறைத்து ஒன்றில் முடிக்கும் நேர்ப்புள்ளிக்கும் அதே 25தான். எண்ணிப் பார்க்காமல் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் கோலத்தை வைத்துக் கணினி அறிவியல் ஆய்வே செய்தார்கள். “பையன் கோலம் போடுவதா” என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

பையில் ஒரு குச்சியும் களிமண் உருண்டையும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் சூரியன் நடுப்பகலில் நேர் உச்சிக்கு வரும். அன்று 12 மணியிலிருந்து ஒரு கால் மணி நேரம் மொட்டை மாடியில் குச்சியை நிறுத்திப் பார்த்தால், நிழல் சுருங்கிச் சுருங்கிக் காலடியிலேயே மறைந்துபோகும். டெல்லியில் இருக்கும் சித்தப்பா பிள்ளைக்கு வருடத்தில் ஒருநாள்கூட இது கிடைக்காது. டெல்லி கடகரேகைக்கு வடக்கே இருக்கிறது, அந்த ரேகையைத் தாண்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வராது. செருப்பும் தொப்பியும் கட்டாயம். மேகம் மூடிவிட்டால் ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு வாய்ப்பு உண்டு.

மற்றபடி வெயிலில் ஓடவிட வேண்டாம். ஐந்து வயதுக்கு மேல் தினமும் சராசரியாக ஒரு மணி நேரமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடல்காற்று வந்தபின், சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மாடியில் நொண்டி கட்டம் கிழித்தால் பாதி வேலை முடிந்தது. நன்றாக ஓடியாடிய பிள்ளை நேரத்துக்குத் தூங்கும். இந்த வயதில் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். லீவுதானே என்று பன்னிரண்டு மணி வரை விழித்திருக்க விடாதீர்கள்.

அஞ்சலட்டை நான்கு இருக்கிறது, ஊரில் உள்ள தாத்தாவுக்கு எழுத. எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தாமல் அப்படியே போட்டுவிடுங்கள்.

வீட்டுப் பரணில் பழைய பல்லாங்குழி இருந்தால் பையே வாங்க வேண்டாம். குறையும் சோழியை மட்டும் சில்லறையாகத் தருகிறோம். புளியங்கொட்டை இருந்தால் அதுவும் தேவையில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட தம்பி, தங்கை இருக்கும் வீட்டில் ஆட்டம் முடிந்ததும் சோழியை எண்ணி மூடி வையுங்கள். வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. பித்தளைத் தாயக்கட்டை இப்போது கையிருப்பில் கொஞ்சம்தான். வேண்டியவர்கள் கடையில் பெயர் எழுதிவைத்துவிட்டுப் போகலாம், சரக்கு வந்ததும் கூப்பிடுகிறோம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்