விடுதி மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், கூட்டத்துக்கு வந்திருக்கிற சிலருக்கும் வணக்கம்.

ஜூலையில் புதியவர்களுக்கு வரவேற்பு நடந்தது. டிசம்பரில் வீடுவீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனி. பொங்கல் வழக்கம்போல. சித்திரையில் வெளிநாட்டு மாணவர்களை, மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் கூட்டிப்போனோம். ஒருவருடைய செருப்பைத் தவிர வேறு எதுவும் தொலையவில்லை.

அப்புறம், வியாழன் அசனம். எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் பண்டிகையில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை அசனம் என்போம். நம் மெஸ்ஸிலோ நாகாலாந்துக்காரர்கள் ஒரு மேசை, கென்யாக்காரர்கள் ஒரு மேசை, நாம் ஒரு மேசை. சாம்பார் வாளி மட்டும்தான் எல்லா மேசைக்கும் போய்வந்தது. அதனால் மாதம் ஒரு வியாழன் ஒவ்வோர் ஊர்க்காரர் சமைப்பது என்று ஏற்பாடு செய்தேன். அனுமதிக்கு எத்தனை முறை நடந்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

கென்யத் தம்பிகள் உகாலி கிண்டினார்கள். அவர்கள் ஊரில் வெள்ளை மக்காச்சோளம். நமக்குக் கிடைத்தது மஞ்சள் மாவு. பாதியில் கை ஓய்ந்துபோக, உசிலம்பட்டித் தம்பி துடுப்பை வாங்கி, "அண்ணே, இது நம்ம கேப்பைக்களிதானே" என்று கிண்டி முடித்தார். நாகாலாந்து நாளில் புளிக்கவைத்த சோயா போட்டுக் கறி. அகுனி என்பார்கள். வாசனைக்கு மாடியில் ஜன்னல்களை அடைத்தார்கள். கருவாடு வறுக்கிற ஊரில் மூக்கைப் பிடிப்பது நியாயமா என்று அன்றே கேட்டேன். பதிவுக்காக இங்கேயும் கேட்கிறேன்.

நம்மூர் நாளில் கறிக்குழம்பு என்றதும் பெயர் கொடுக்காதவர்களும் பந்தியில் இருந்தார்கள். அண்டா கழுவ நானும் இரண்டு மிசோரம் தம்பிகளும்தான். மற்றவர்கள் அந்நேரம் கோரிப்பாளையத்தில் டீ குடித்ததாகப் பிறகு தெரிந்தது.

கணக்கு: வரவு ஓரளவு, செலவு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது. பொருளாளர் இன்று வரவில்லை. சந்தா பாக்கிக்காரர்கள் பட்டியலைப் பலகையில் ஒட்டலாம் என்று செயற்குழு தீர்மானித்தது. செயற்குழுவிலேயே மூன்று பேர் அதில் இருந்ததால் ஒட்டவில்லை.

கல்லூரி முதல்வர், சாப்ளின் (கல்லூரிப் போதகர்), வார்டன், மெஸ் மாஸ்டர், பாத்திரம் வாடகைக்குக் கொடுத்தவர் அனைவருக்கும் நன்றி.

எனக்கு இது கடைசி ஆண்டு. அடுத்து அசனத்தை யார் நடத்துவது என்று கேட்டால் எல்லோரும் செல்போனைப் பார்க்கிறீர்கள். சரி. மன்றம் வாங்கிய அண்டாவும் துடுப்பும் மெஸ் பின்னறையில் இருக்கின்றன, சாவி என்னிடம். நான் பெட்டி கட்டும்வரை யார் வந்து கேட்டாலும் தருவேன், சந்தா பாக்கி இருந்தாலும்.