மார்த்தா ஹீத்கோட் அம்மையாருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய மார்த்தா அம்மையாருக்கு,

வணக்கம். பின்னாளில் நியூயார்க் மேயரான உங்கள் கணவர் கர்னல் காலெப் ஹீத்கோட்டைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர் ஒரு காதல் தோல்வியில்தான் தொடங்குகிறார்கள். இங்கிலாந்தில் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், அண்ணன் கில்பர்ட்டைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டாளாம். அந்த வேதனையில் தம்பி 1692 இல் நியூயார்க்குக்குக் கப்பலேறிவிட்டாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கில்பர்ட்டின் திருமணம் நடந்தது 1682 இல். காலெப்புக்கு அப்போது பதினாறு வயது. பத்து வருடம் ஆறாத மனப்புண் என்று நம்ப நான் தயாராக இல்லை. செஸ்டர்ஃபீல்டு ஊர் வியாபாரக் குடும்பத்தில் இளையவராகப் பிறந்தவர், கடல் கடந்து தொழில் செய்ய வந்தார். அதுவே போதுமான காரணம்.

உங்களைச் சுற்றியிருந்த ஆண்கள் பலரும் மேயர்கள். மாமனார் செஸ்டர்ஃபீல்டில் மேயராக இருந்தவர். கில்பர்ட் 1710 இல் லண்டனின் லார்டு மேயர். இங்கிலாந்து வங்கியை நிறுவியவர்களில் ஒருவர், இந்தியாவோடு வணிகம் செய்ய 1698 இல் எழுந்த புதிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் முன்னின்றவர். உங்கள் கணவர் முதலில் நியூயார்க் நகரை அடுத்த வெஸ்ட்செஸ்டர் ஊருக்கும், 1711 இல் நியூயார்க் நகருக்கும் மேயரானார். உங்கள் தந்தை வில்லியம் ஸ்மித்தோ ஆப்பிரிக்கக் கரையில் டாஞ்சியர் நகரின் மேயர். போர்ச்சுகல் இளவரசி கேத்தரின் இரண்டாம் சார்லஸ் மன்னரை மணந்தபோது, எங்கள் பம்பாயோடு சேர்த்துச் சீதனமாகக் கொடுத்த ஊர் அது. 1684 இல் ஆங்கிலேயர் அதைக் கைவிட்டார்கள். உங்கள் தந்தை நியூயார்க் வந்து தலைமை நீதிபதியானார். 'டாஞ்சியர்' ஸ்மித் என்ற பெயர் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இத்தனை பதவிகளையும் விட என்னை அசைத்தது உங்கள் தாயாரின் கணக்குப் புத்தகம். 1705 இல் கணவரை இழந்தபின், லாங் ஐலண்டில் திமிங்கல வேட்டைக் கம்பெனியை அவர் தாமே நடத்தினார். 1707 ஜனவரியில் அவருடைய ஆட்கள் ஓர் இளம் திமிங்கலத்தைக் கொன்றார்கள்; எண்ணெய் 27 பீப்பாய். பிப்ரவரியில் இந்தியன் ஹாரி என்ற அமெரிக்கப் பழங்குடிக்காரர் தம் படகிலிருந்து ஒரு திமிங்கலத்தைக் குத்திவிட்டு, உதவிக்கு உங்கள் தாயாரின் படகை அழைத்திருக்கிறார். பங்கு மூன்றில் ஒன்று, 4 பீப்பாய். எழுதிவைத்த கைக்கு எவ்வளவு நிதானம்! நீங்கள் அந்தத் தாயின் மகள். ஆனாலும் உங்களைப் பற்றிப் புத்தகங்களில் கிடைப்பது பெரும்பாலும் 'இன்னாரின் மனைவி' என்ற ஒரு வரிதான். எனக்கு அது ஆறவில்லை.

கணவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. வெஸ்ட்செஸ்டர் படையின் கர்னலாக அவர் போட்ட உத்தரவை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிச் சமய நூல்களை வாசிக்கச் செய்ய வேண்டும், அதற்கு இணங்காத ஊரில் அன்று முழுவதும் ஆயுதப் பயிற்சி. ஊரார் வாசிப்பையே தேர்ந்தெடுத்தார்கள். 1706 இல் கனெக்டிகட்டில் ஆங்கிலத் திருச்சபையைப் பரப்ப மியூர்சன் என்ற பாதிரியார் போனபோது, ஆயுதம் தரித்துக் கூடவே சென்றவரும் அவர்தான்.

அதனால்தான் அடுத்து வருவதைத் தாங்க முடியவில்லை. அவர் மேயரான சில வாரங்களில், கூலிக்கு விடப்படும் அடிமைகள் எல்லோரும் வால் தெருச் சந்தைக் கட்டடத்தில்தான் நிற்க வேண்டும் என்று நகர மன்றம் சட்டம் இயற்றியது. 1712 ஏப்ரலில், அடிமைகள் சிலர் மெய்டன் லேன் பக்கம் ஒரு கட்டடத்துக்குத் தீ வைத்து, அணைக்க ஓடிவந்த வெள்ளையர்களைத் தாக்கினார்கள். அந்த மோதலில் ஒன்பது பேர் வரை இறந்தார்கள். அதற்காக 21 பேரின் உயிர் பறிக்கப்பட்டது. சிலரை எரித்தார்கள், ஒருவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்தார்கள், ஒருவரை உயிரோடு சங்கிலியில் தொங்கவிட்டார்கள். அடிமைகளுக்கு வேதம் கற்பித்த எலியாஸ் நோவின் பள்ளிமீதும் பழி விழுந்தது. அந்தப் பள்ளியை ஆதரித்த, லண்டனிலிருந்து இயங்கிய வேதப் பரப்புச் சங்கத்துக்குத்தான் (எஸ்.பி.ஜி.) உங்கள் கணவர் ஆண்டுக்கணக்காகக் கடிதம் எழுதி ஆதரவு திரட்டியவர். ஆளுநர் ஹண்டரே சிலருக்கு மன்னிப்புக் கேட்டு லண்டனுக்கு எழுதும் அளவுக்குப் போயிருந்தது அந்தப் பழிவாங்கல். உங்கள் குடும்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுகிறார்கள். காதல் கதைக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியாவது இதற்கு வேண்டும்.

1721 இல் உங்கள் கணவர் இறந்தார். 1701 இல் அவர் பட்டயம் பெற்ற ஸ்கார்ஸ்டேல் என்ற பெருநிலப் பண்ணை, மகன்கள் நிலைக்காததால் ஆன், மார்த்தா என்ற இரு மகள்களிடம் வந்தது. ஆனின் கணவர் ஜேம்ஸ் டிலான்சி தலைமை நீதிபதி; 1735 இல், ஆளுநரை விமர்சித்து அச்சிட்டதற்காகப் பத்திரிகையாளர் ஜெங்கர் மீது தொடுத்த வழக்கை விசாரித்தவர். ஆனின் மகன் வழிப் பேத்தி சூசன் 1811 இல் மணந்தது, பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் பெற்ற ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரை. நிலம் பெண்கள் வழியாகவே போயிருக்கிறது, அம்மையாரே. இனி ஹீத்கோட் குடும்பத்தைப் பற்றி எங்கு எழுதினாலும் உங்கள் தாயார், நீங்கள், ஆன் என்ற வரிசையில்தான் தொடங்கப்போகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகர்