வைஃபைக்குள் யாரை விடுவது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். கூட இருக்கும் பெண்களைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் பாஸ்வேர்டு கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், இப்போது யார் யாருடைய போன் நம் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே தெரியவில்லை, ரௌட்டரில் மேக் ஃபில்டர் போட்டு நம் சாதனங்களை மட்டும் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபில்டர் வேண்டாம். பாஸ்வேர்டை மாற்று, வருகிறவர்களுக்குத் தனி நெட்வொர்க் வை. ஏன் என்று கேட்பாய், சொல்கிறேன்.

வைஃபை உள்ள எந்தச் சாதனத்துக்கும் மேக் முகவரி என்று ஒரு அடையாள எண் உண்டு. 48 பிட் நீளம். எழுதும்போது இரண்டிரண்டாக ஆறு ஜோடி வரும். எண்களோடு ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்திருக்கும். முதல் மூன்று ஜோடி ஐஇஇஇ என்ற அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கிக் கொடுப்பது. மீதியை அந்தத் தயாரிப்பாளர் சாதனத்துக்குச் சாதனம் மாற்றி வைப்பார். மேக் ஃபில்டர் என்பது இந்த முகவரிகளைப் பட்டியல் போட்டு, பட்டியலில் இல்லாததைச் சேர்க்காதே என்று ரௌட்டரிடம் சொல்வது. அதாவது, வந்தவர் சொல்லும் பெயரைக் கேட்டுக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே உள்ளே விடும் வாசல் காவலாளி.

அந்தப் பெயரோ ஊருக்கே கேட்கும்படி சொல்லப்படுகிறது. வைஃபையில் பாஸ்வேர்டு போட்டால் நீ அனுப்பும் செய்திதான் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கம் ஆகும். அதை அனுப்பும் சாதனம் எது, பெறும் சாதனம் எது என்ற மேக் முகவரிகள் அப்படியே திறந்த நிலையில் காற்றில் போகும். பக்கத்தில் உட்கார்ந்து காற்றைக் கவனிக்கிற லேப்டாப்புக்கு, பட்டியலில் உள்ள ஒரு முகவரியைப் பொறுக்கி எடுக்கச் சில நிமிடம் போதும். அதையே தன் முகவரியாக வைத்துக்கொள்வதும் பெரிய வித்தை இல்லை. ஆக, வேலை தெரிந்தவனை ஃபில்டர் தடுக்காது.

வேலை தெரியாதவர்களையாவது தடுக்குமே என்பாய். தடுக்கும். ஆனால் அவர்கள் உள்ளே வந்ததே பாஸ்வேர்டு தெரிந்ததால்தானே? அதை மாற்றினால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே போய்விடுவார்கள். ஒவ்வொரு சாதனமாக முகவரி தேடி எழுதிக்கொண்டிருப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

இன்னொரு தொல்லை, போன்களே இப்போது முகவரியை மாற்றிக்கொள்கின்றன. கடைக்கும் அலுவலகத்துக்கும் நாம் போய்வருவதை மேக் முகவரியை வைத்தே பின்தொடர முடியும் என்பதால் வந்த ஏற்பாடு இது. 2014இல் ஐஓஎஸ் 8, அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடும்போது மட்டும் பொய் முகவரி காட்டத் தொடங்கியது. 2019இல் ஆண்ட்ராய்டு 10, 2020இல் ஐஓஎஸ் 14 வந்த பிறகு, சேரும்போதும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு புது முகவரி என்பதே வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம்தான், அதை அணைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் ஃபில்டர் போட்டிருக்கும் வீட்டில் ஒரு போன் முகவரியை மாற்றினால், அடுத்த நிமிடம் "நெட் வரவில்லை" என்று உன்னிடம்தான் வந்து நிற்பார்கள். ரௌட்டர் செயலியில் ஒரு சாதனத்துக்கு எதிரே இருக்கும் 'பிளாக்' பொத்தானும் பெரும்பாலும் மேக் முகவரியை வைத்துத்தான் வேலை செய்கிறது. நீ தடுத்த போன் வேறு முகவரியோடு வந்தால் அதற்கு அடையாளம் தெரியாது.

சரி, இப்போது உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமல்லவா? பிரவுசரில் ரௌட்டர் பக்கத்தைத் திற. அதன் முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும்; ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் போட்டிருப்பார்கள். இணைந்துள்ள சாதனங்கள் என்று ஒரு பட்டியல் வரும். அதைப் பார்த்து உடனே பயந்துவிடாதே. பாதிக்கு ஒழுங்கான பெயரே இருக்காது. எஸ்பிரெசிஃப் என்று ஒன்று இருந்தால் யாரோ உளவாளி என்று நினைக்க வேண்டாம். ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றில் இருக்கும் சில்லைச் செய்கிற நிறுவனம் அது. பெயரில்லாத வரியில் முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பார். அது 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு போனோ லேப்டாப்போ தானாகப் போட்டுக்கொண்ட முகவரி. தயாரிப்பாளர் பெயரை அதில் தேடிப் பயனில்லை. அப்போது ஒரே வழி: வீட்டில் இருக்கும் போன்களின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எந்த வரி மறைகிறது என்று பார்ப்பது. சில ரௌட்டர்கள் அந்த வரியை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், பொறுமையாக இரு. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நிற்கிற வரி யாருடையது என்று கூட இருப்பவர்களைக் கேள். நல்லபடியாகக் கேள், சண்டைக்குப் போகிற தொனியில் வேண்டாம்.

அப்புறம் பாஸ்வேர்டு. இங்கேதான் நீ கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2வில் 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை வைக்கலாம். எட்டோடு நிறுத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு சாதனம் ரௌட்டரோடு சேரும்போது இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் 'கைகுலுக்கல்' என்ற தகவல் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், அதற்கப்புறம் உன் வீட்டுப் பக்கமே வர வேண்டாம். ஆற அமர உட்கார்ந்து பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். நீளமான பாஸ்வேர்டுக்கு முன்னால்தான் அந்த வேலை திணறும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வை. பிறந்தநாள், போன் எண், பூனையின் பெயர் எதுவும் வேண்டாம்.

நெட்வொர்க்கின் பெயரையும் மாற்று. இது பலருக்குத் தெரியாது: பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்துத்தான் டபிள்யூபிஏ2 சாவியை உண்டாக்குகிறது. ஆயிரம் வீட்டில் இருக்கும் அதே பெயர் உன் வீட்டிலும் இருந்தால், அந்தப் பெயருக்கென்று முன்கூட்டியே அரைத்து வைத்த பட்டியல் உன் வீட்டுக்கும் பொருந்திவிடும். அதற்காக உன் பெயரையோ கதவு எண்ணையோ வைத்துவிடாதே. பெயரை மறைத்து வைக்கிற செட்டிங்கையும் தொடாதே. மறைத்தால் உன் போன் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கும், அது இன்னும் மோசம்.

ரௌட்டரில் அதற்கு அடுத்த முறையான டபிள்யூபிஏ3 இருந்தால் அதைப் போடு. 2018இல் வந்தது. அதில் ஒவ்வொரு ஊகத்தையும் ரௌட்டரிடமே நேரில் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் பிடித்து வைத்து ஊகிக்கிற கதை நடக்காது. பழைய பிரிண்டர் சேர மாட்டேன் என்று அடம்பிடித்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையை வை. டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறை மட்டும் தெரிந்த சாதனம் ஏதாவது இருந்தால் தூக்கிப் போடு. அது 2001லேயே உடைந்துபோனது.

டபிள்யூபிஎஸ் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடு. எட்டு இலக்கப் பின் எண்ணைக் கொண்டு சேரும் வசதி அது. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் ரௌட்டர் அதை முன்பாதி, பின்பாதி என்று தனித்தனியாகச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக மொத்தம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும் என்று 2011இல் கண்டுபிடித்தார்கள். நீ நாற்பது எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தாலும் இந்தக் குறுக்குவழி திறந்திருந்தால் வீண்.

கெஸ்ட் நெட்வொர்க்தான் உனக்கு உண்மையில் வேண்டியது. இப்போது வருகிற ரௌட்டர்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது. வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. அதில் சேர்ந்தவர்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும், உன் லேப்டாப்போ பிரிண்டரோ கண்ணில் படாது. வருகிறவர்களுக்குத் தாராளமாகக் கொடு, எப்போது தோன்றுகிறதோ அப்போது மாற்றிக்கொள். யாரிடமும் முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை. பல்பு, பிளக், கேமரா வகையறாவையும் அதிலேயே தள்ளிவிடு. 2016இல் மிராய் என்ற தீநிரல், கடையில் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரௌட்டர்களையும்தான் படையாகத் திரட்டியது. அந்த அக்டோபரில் அவற்றைக் கொண்டு இணையதளப் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் டைன் என்ற நிறுவனத்தின் சேவையைத் தாக்கி, ட்விட்டரைக்கூடச் சில மணி நேரம் பலருக்குக் கிடைக்காமல் செய்தார்கள். ஒரு சின்ன அசௌகரியம் உண்டு: டிவியை கெஸ்ட் பக்கம் போட்டால் உன் போனிலிருந்து அதற்கு வீடியோ அனுப்புவது நின்றுபோகலாம். அதனால் டிவியை மட்டும் உன் பக்கமே வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ரௌட்டர் பக்கத்தில் நுழைகிற அட்மின் பாஸ்வேர்டை மாற்று. அது வைஃபை பாஸ்வேர்டிலிருந்து வேறு. அதைப் பழையபடியே விட்டால், உள்ளே சேர்ந்த யார் வேண்டுமானாலும் நீ போட்டதையெல்லாம் கழற்றிவிடலாம்.

விடுமுறை நாளில் காலையில் செய், ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பிக்காதே. கூட இருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடு, யாருக்காவது அலுவலக அழைப்பு நடுவில் அறுந்தால் பழி உன் மேல் வரும். லேப்டாப்பை ரௌட்டரோடு கேபிளில் இணைத்துக்கொண்டு செய். வைஃபையில் இருந்துகொண்டு பாஸ்வேர்டை மாற்றினால் பாதியில் நீயே வெளியே தள்ளப்படுவாய். புதுப் பாஸ்வேர்டில் முதலில் பிரிண்டரைச் சேர், தகராறு செய்வது எப்போதும் அதுதான். முடிந்ததும் சாதனப் பட்டியலை ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உன் புதுப் பாஸ்வேர்டை எனக்கு மெசேஜில் அனுப்பாதே. அங்கே வரும்போது கெஸ்ட்டிலேயே சேர்ந்துகொள்கிறேன்.