மண்ணுக்குள் குடுவை வைக்கும் கொடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்னியோ தீவின் நெப்பந்தஸ் பியூடிகா என்னும் குடுவைத் தாவரக் கொடியைப் பற்றிச் சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான குறிப்பைப் படித்தேன். தாவரங்களுக்குத் தமிழ் இதழ்கள் இடம் ஒதுக்குவதே அரிதாகிவிட்ட காலத்தில் அரைப் பக்கம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி. எனினும், பூச்சி தின்னும் அதிசயச் செடி என்று அதை வியந்துவிட்டு, இத்தகைய செடிகளை இப்போது மாடித் தோட்டத்திலும் வளர்க்கலாம் என்று அக்குறிப்பு முடிந்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்தக் கொடியின் உண்மையான புதுமை அதில் சொல்லப்படவில்லை; சொல்லக் கூடாத ஒன்று சொல்லப்பட்டுவிட்டது.

குடுவைத் தாவரம் பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் என்பது பள்ளிப் பாடநூலிலேயே உள்ள செய்தி. 160-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட நெப்பந்தஸ் பேரினத்தில் பெரும்பாலானவை பற்றிப் படரும் கொடிகள் என்பதையும், இலையின் நடுநரம்பு நீண்டு பற்றுக்கம்பியாகி, அதன் நுனியே குடுவையாக மாறுகிறது என்பதையும் அறிந்தால்தான், 2022 ஜூன் மாதம் ஃபைட்டோகீஸ் என்னும் தாவரவியல் ஆய்விதழில் விவரிக்கப்பட்ட இந்தப் புதிய இனம் எவ்வளவு விலகி நிற்கிறது என்பது விளங்கும். மற்ற இனங்கள் தரையை ஒட்டியும் படரும் தண்டின் மேலேயும் குடுவைகளைத் தாங்கி நிற்கும். இந்தக் கொடியோ, அடித்தண்டிலிருந்து தனிக் கிளைகளை மண்ணுக்குள்ளும் மர வேர்களுக்கு இடையே உள்ள பொந்துகளுக்குள்ளும் அனுப்புகிறது. வெயில் படாத அக்கிளைகளில் இலைகள் சிறுத்து, பச்சையம் இன்றி முழு வெள்ளையாக இருக்கின்றன. குடுவைகள் மட்டும் அளவில் குறைவதில்லை. 11 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, பெரும்பாலும் செந்நிறத்தையும் இழக்காமல், எறும்புகளையும் சிற்றுண்ணிகளையும் வண்டுகளையும் இருட்டிலேயே பிடிக்கின்றன. ஜென்லிசியா, யூட்ரிகுலேரியா, ஃபில்காக்ஸியா ஆகிய மூன்று பேரினங்களிலும் மண்ணுக்கடியில் இரை பிடிக்கும் செடிகள் உண்டு என்றாலும், அவற்றின் பொறிகள் முற்றிலும் வேறானவை. மிக நுண்ணிய உயிர்களே அவற்றில் சிக்கும். குடுவையையே மண்ணுக்குள் வைத்து வேட்டையாடுவதாக அறியப்பட்ட முதல் தாவரம் இதுதான்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதமும் வாசகர்களுக்குச் சொல்லத் தக்கது. செக் குடியரசின் பலாட்ஸ்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் டான்சாக், லூபோஷ் மாயெஸ்கி முதலியோரும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் இணைந்து செய்த பணி இது. போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியில் உள்ள வடக்குக் கலிமந்தான் மாகாணத்தின் மெந்தராங் ஹுலு பகுதியில், அதுவரை யாரும் ஆராயாத ஒரு மலையில் ஏறியபோது, நெப்பந்தஸ் என்பதில் ஐயமே இல்லாத, ஆனால் குடுவைகளே இல்லாத கொடிகளை அவர்கள் கண்டார்கள். தேடியதில் மிகச் சில குடுவைகளும், மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்த உருக்குலைந்த ஒன்றும் கிடைத்தன. தற்செயலாகப் புதைந்துபோனதாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மேலே ஏற ஏறக் குடுவையற்ற கொடிகளே தொடர்ந்து தென்பட்டதால், குடுவைகளையே கைவிட்டுவிட்ட ஓர் இனமோ என்றும் எண்ணினார்கள். படம் எடுப்பதற்காக ஒரு மரத்தின் அடியில் இருந்த பாசியை மாயெஸ்கி விலக்கிய போதுதான், அடர்சிவப்புக் குடுவைகள் கொத்தாக வெளிப்பட்டன. பூச்சி தின்கிறது என்பதைவிட இந்தப் பொறுமையான தேடலே இளம் வாசகர்களை அறிவியலின்பால் ஈர்த்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கொடி 1,100 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், ஒப்பளவில் வறண்ட மலைமுகடுகளில் வளர்கிறது. வறண்ட நாள்களிலும் மண்ணடிப் பொந்துகளில் ஈரப்பதம் அதிகம் மாறாது, இரையும் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் குடுவைகள் கீழிறங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருதுகோள். அக்குடுவைகளின் நீருக்குள் கொசுப் புழுக்களும் நூற்புழுக்களும், அறிவியலுக்கே புதிதான இன்னொரு புழுவினமும் வாழ்வது தெரியவந்துள்ளது. ஆகவே இந்தக் கொடியை வேரோடு பெயர்த்தெடுப்பவர் அதனுள் வாழும் உயிர்களையும் சேர்த்தே அழிக்கிறார்.

மாடித் தோட்டம் பற்றிய அந்த வரியை நான் எதிர்ப்பது இதனால்தான். நெப்பந்தஸ் இனங்கள் அனைத்திலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. சில முகடுகளில் மட்டும் வாழும் ஓர் இனத்திலிருந்து ஒரு சில கொடிகள் களவு போனாலே, எஞ்சியவை விதை வைப்பது கடினமாகிவிடும். நாற்றங்காலில் பெருக்கிய கலப்பினங்களை வாங்கி வளர்ப்பதில் தவறில்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அரிய காட்டுக் கொடியின் படத்துக்குக் கீழேயே வளர்க்கலாம் என்று எழுதுவதுதான் தவறு. இப்பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வருகிறது. இந்தியாவின் ஒரே குடுவைத் தாவரமான, மேகாலயத்தின் நெப்பந்தஸ் காசியானா, அதன் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இலங்கையின் ஈரக் காடுகளுக்கே உரிய நெப்பந்தஸ் டிஸ்டில்லடோரியாவும் (உயிரினப் பெயரிடு முறையை வகுத்த லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டதே அக்கொடியை வைத்துத்தான்) அதே உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. ஆகவே இதைத் தொலைதூரத் தீவின் சிக்கல் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

போர்னியோவில் இதைவிடப் பெரிய அச்சுறுத்தல் ஒன்றும் உண்டு. மழைக்காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாக மாற்றப்படுவதை இந்தக் கண்டுபிடிப்பு தடுக்கவோ, குறைந்தது தாமதப்படுத்தவோ உதவும் என்று ஆய்வில் பங்கேற்ற இந்தோனேசியப் பாதுகாப்பு அமைப்பினர் நம்பிக்கை தெரிவித்திருந்தார்கள். பெயரே இல்லாத ஒரு கொடியைக் காப்பாற்றும்படி எந்த அரசிடமும் முறையிட முடியாது என்பதை நினைத்தால், புதிய இனத்தை விவரிக்கும் ஒரு கட்டுரையின் மதிப்பு புரியும். இதைப் பற்றி அக்குறிப்பில் ஒரு வரி கூட இல்லை.

வரும் இதழில், கொடியின் முழு வடிவத்தையும் வெண்ணிறக் கிளையையும் காட்டும் படத்துடன் ஒரு விரிவான கட்டுரையை வெளியிடுமாறும், காட்டிலிருந்து எடுக்கப்பட்ட குடுவைத் தாவரங்களை வாங்க வேண்டாம் என்ற வேண்டுகோளை அதில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்.