ஆண்டறிக்கை 2024–25: மனையைப் பார்த்து மரம்

நமது வீட்டுத்தோட்டச் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்த பணிகளைச் செயலாளர் என்ற முறையில் இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளில் அருகிலுள்ள பள்ளிக்கு மரக்கன்றுகள் கொடுத்தோம். ஆடிப்பெருக்கு அன்று விதைப் பரிமாற்றம் வழக்கம்போல் நடந்தது. பொங்கலுக்குக் கோலப் போட்டி வைத்தோம். குடியரசு நாளில் கொடியேற்றி இனிப்பு வழங்கினோம்.

இனி இந்த ஆண்டின் முக்கியப் பணிக்கு, அதாவது வீட்டு மனைகளை அளந்து மாதிரித் தோட்டம் போட்டதற்கு, வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். சங்கப் பணத்தில் செயலாளர் தன் சொந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார் என்று ஒரு பேச்சு இருப்பது என் காதுக்கும் வந்தது.

முந்தைய இரண்டு ஆண்டுகளும் நாம் என்ன செய்தோம்? ஒரு நர்சரியில் மொத்தமாக மா, எலுமிச்சை, ரோஜா வாங்கி, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கொடுத்தோம். போட்டோ எடுத்துக்கொண்டோம். சென்ற ஏப்ரலில் வீடு வீடாகப் போய் எண்ணிப் பார்த்தேன். கொடுத்த 40 எலுமிச்சையில் உயிரோடு இருந்தவை 6. அதில் காய் வைத்தது ஒன்று. கன்றை நர்சரிக்காரர் வருடக்கணக்கில் பையிலேயே வைத்திருந்ததால் வேர் உள்ளே சுருண்டு போயிருந்தது என்பது ஒரு காரணம்தான். பெரிய காரணம், நாம் இருக்கும் இடத்தை நாம் பார்க்கவே இல்லை.

சென்னையில் கொட்டிவாக்கத்திலிருந்து நீலாங்கரை வரை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே இருக்கிறோம். கீழே மணல், பக்கத்தில் கடல், ஆழ்துளைக் கிணற்றில் (போரில்) வருவது உவர்த் தண்ணீர், மதியத்துக்கு மேல் உப்புக்காற்று. இங்கே எலுமிச்சைக்கும் மாவுக்கும் உப்பு ஆகாது என்பது தெரிந்த விஷயம். அதே தெருவிலும் வீட்டுக்கு வீடு நிலைமை வேறு. அதனால்தான் வீடுகளுக்குக் கன்று வாங்கிக் கொடுப்பதை ஓராண்டு நிறுத்திவிட்டு, முதலில் மனையை அளப்போம் என்று செயற்குழுவில் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

மே முதல் ஜூலை வரை 19 வீடுகளுக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் நான்கு விஷயங்கள் பார்த்தேன்: வெயில், காற்று, மண், தண்ணீர். ஒரு அடி ஆழம் குழி வெட்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது மண்ணுக்கான சோதனை. கடலோர வரிசை வீடுகளில் வாளியைக் கீழே வைப்பதற்குள் தண்ணீர் காணாமல் போனது. அதே வரிசையில் ஒரு வீட்டின் தென்மேற்கு மூலையில் மட்டும் மறுநாள் காலை வரை தேங்கி நின்றது. கடப்பாரையால் தோண்டினால் உடைந்த ஓடு, சிமெண்ட் கட்டி, பெயிண்ட் டப்பா மூடி. வீடு கட்டிய காலத்துக் குப்பையை அங்கேயே போட்டு மேலே அரை அடி செம்மண் பரப்பியிருக்கிறார்கள். அந்த மூலையில் மூன்று முறை பப்பாளி வைத்து மூன்று முறையும் அழுகியதாம். பப்பாளி வேர் தேங்கிய தண்ணீரில் இரண்டு நாள் தாங்காது. மண் மாற்றாமல் அங்கே எதை வைத்தாலும் வீண்.

இன்னொரு வீட்டில், நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் தொட்டியில் எலுமிச்சை வைத்திருந்தார். இலையின் ஓரமெல்லாம் தீயில் காட்டிய காகிதம் போலக் கருகியிருந்தது. தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. "தண்ணி தாராளமாத்தான் தம்பி ஊத்துறேன், ஒரு சொட்டு வீணாக்கறதில்ல" என்றார். ஆர்ஓ மெஷினில் கழிந்து வரும் தண்ணீரைத்தான் தினமும் ஊற்றியிருக்கிறார். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் மீட்டரை வைத்தேன்: லிட்டருக்கு 1,850 மில்லிகிராம். போர்த் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் சேர்கிறது. பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் அது போதும், தொட்டிச் செடிக்கு வேண்டாம் என்றேன். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதைப் பிடித்து ஊற்றச் சொன்னேன். மழைக்காலத்தில் தொட்டியைத் திறந்த வெளியில் வைத்து நன்றாக நனையவிட்டார். தை மாதம் போனபோது புதுத் துளிர் விட்டிருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார். இந்த ஆண்டு முழுக்க நான் அலைந்ததற்கு எனக்கு அது ஒன்று போதும்.

தண்ணீர் அளவைப் பற்றிப் பலர் கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீட்டரில் 450க்குக் கீழே இருந்தால் எதையும் வைக்கலாம். 2,000ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் திணறும். நம் பக்கம் போர்த் தண்ணீர் பல வீடுகளில் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, கோடையில் ஏறுகிறது, மழை முடிந்ததும் இறங்குகிறது. அதற்கேற்ற செடிகள் இருக்கின்றன. பீன்ஸ் கொஞ்சம் உப்புக்கே சுருண்டுவிடும். கொத்தவரை நன்றாகத் தாங்கும், காராமணியும் ஓரளவு தாங்கும். மாவுக்குப் பதில் சப்போட்டா, எலுமிச்சைக்குப் பதில் மாதுளை.

இதையெல்லாம் வாயால் சொன்னால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் சமுதாயக் கூடத்தைச் சுற்றியிருந்த காலி இடத்தில் மாதிரித் தோட்டம் போட்டோம். கிழக்குப் பக்கம் கடற்காற்றுக்கு முகம் கொடுக்கும் வரிசையில் பூவரசு, நொச்சி, அரளி. பூவரசும் நொச்சியும் போத்து (கிளைத் துண்டு) வெட்டி நட்டவை, ஒரு ரூபாய் செலவில்லை. அங்கே தகரம் அடித்து மறைத்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். முழுச் சுவரில் மோதும் காற்று மேலே ஏறிப் பின்பக்கம் சுழன்று விழுந்து செடியை ஒடிக்கும். பாதிக் காற்றை உள்ளே விட்டு வேகத்தைக் குறைப்பதுதான் செடிவேலி. அதன் மறைவில் சப்போட்டா, மாதுளை, முருங்கை. கை கழுவும் தண்ணீர் வெளியேறும் இடத்தில் வாழை.

மணலுக்கு நாங்கள் செய்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். குழியின் அடியில் தேங்காய் உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி இரண்டு அடுக்கு அடுக்கினோம். தண்ணீர் அதில் கிண்ணத்தில் நிற்பது போல் நிற்கும். அதன் மேல் மட்கிய சாணம், ஏரி வண்டல், மணல் கலந்து நிரப்பினோம். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டியை அப்படியே போடக் கூடாது, உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போட வேண்டும். மேலே காய்ந்த இலையும் தென்னை ஓலையும் போட்டு மூடாக்கு. இப்படிச் செய்த குழிக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீர் போதுமாக இருந்தது. பக்கத்தில் வெறும் மணலில் வைத்த செடி தினம் கேட்டது.

ஒரு தவறு நடந்தது, அதை நான் மறைக்கவில்லை. காய்கறிப் பாத்தியைக் கூடத்தின் வடக்குப் பக்கம் போட்டேன். ஆனியில் அங்கே நின்று பார்த்தபோது நல்ல வெயில். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் தலைக்கு வடக்கே போகிறது, அதனால் வடக்குச் சுவரிலும் வெயில் விழும். மற்ற மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். மார்கழி நண்பகலில் 20 அடி உயரக் கட்டடத்தின் நிழல் வடக்கே 15 அடி நீளும். என் பாத்தி முழுக்க அந்த நிழலுக்குள் அகப்பட்டது. கத்தரி வளர்ந்து நின்றதே தவிர, பூக்கவில்லை. ஆகவே உறுப்பினர்கள் ஒரு நாள் வெயிலைப் பார்த்து இடம் முடிவு செய்ய வேண்டாம். ஆனியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை, சுண்ணாம்பால் நிழலுக்குக் கோடு போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த வடக்குப் பாத்தியில் இப்போது வெற்றிலையும் கற்பூரவல்லியும் நன்றாக இருக்கின்றன.

நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நமக்கும் காற்றும் மழையும் கடுமையாக இருந்தன. 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நம் தெருக்களில் சாய்ந்து கிடந்த மரங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நினைவில்தான் புரட்டாசியிலேயே முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டேன். அப்போது என்னைக் கடிந்துகொண்டவர்கள் உண்டு. புயலுக்குப் பிறகு மாதிரித் தோட்டத்தில் ஒடிந்தது ஒரு அரளிக் கிளை மட்டும். தை பிறந்தபோது முருங்கையில் பூ இருந்தது.

இப்போது மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டம் போட்ட முதல் ஞாயிறு 31 பேர் வந்தார்கள். தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலில் 14 பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது வாரத்தில் வந்தது மூன்று பேர். மாசியில் என் மகளின் பிரசவத்துக்காக 12 நாள் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. பட்டியலை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் போனேன். 23 பேர் கட்டைவிரல் காட்டினார்கள். திரும்பி வந்தபோது இரண்டு சப்போட்டாக் கன்றும் கொத்தவரைப் பாத்தியும் காய்ந்து கிடந்தன. பேரன் பிறந்த சந்தோஷத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவன், பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே அங்கேதான் போனேன். காய்ந்த கன்றைப் பிடுங்கும்போது வேர் புதிதாக ஒரு சாண் ஓடியிருந்தது தெரிந்தது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும். அந்த 12 நாளும் தனியாளாக வந்து வாழையையாவது காப்பாற்றிய கூடத்துக் காவலாளிக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. அவர் நம் உறுப்பினர்கூட இல்லை.

கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, சந்தாவும் விதை விற்பனையும் சேர்ந்து வந்த வரவில் வண்டல் மண், சாணம், குழாய், கூலி ஆகியவை போக ஒரு சிறு தொகை கையிருப்பில் இருக்கிறது. தண்ணீர் மீட்டர் என் சொந்தக் காசில் வாங்கியது, அதைக் கணக்கில் எழுதவில்லை. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 64 உறுப்பினர்களில் செலுத்தியவர்கள் 27 பேர். இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்கள் 15 பேர். பெயர் வாசிக்க எனக்கு மனமில்லை. பொருளாளரிடம் ரசீதுப் புத்தகம் இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் அவர் வாசல் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார்.

இடம் தந்த சமுதாயக் கூட நிர்வாகத்துக்கும், ஆலோசனை சொன்ன தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. எனக்கு 68 வயதாகிறது. முழங்கால் முன்போல் ஒத்துழைப்பதில்லை. இளையவர் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால் 19 வீட்டு வரைபடங்களையும் மீட்டரையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வரவில்லை என்றால் தொடர்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இன்னும் 45 வீடுகள் அளக்க வேண்டியிருக்கின்றன, அதைத் தனியாக என்னால் முடிக்க முடியாது. தெருவுக்கு ஒருவர், மாதம் இரண்டு காலை கொடுத்தால் போதும். ஆடிப்பட்டத்துக்குள் அளந்துவிட்டால், அந்தந்த வீட்டுக்குத் தேவையான கன்றை மட்டும் வாங்கலாம், பணமும் மிஞ்சும்.

காய்ந்துபோன இரண்டு சப்போட்டாவின் குழிகளும் அப்படியே இருக்கின்றன. வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு அவற்றில் மறுபடி நடுகிறோம். உரிமட்டை இருப்பவர்கள் ஒரு சாக்கில் கொண்டுவரவும். தண்ணீர்ப் பட்டியல் புதிதாக எழுதி மேசையில் வைத்திருக்கிறேன், நிச்சயமாக வரக்கூடிய நாளுக்கு நேராக மட்டும் கையெழுத்திடவும்.

இவண்,
செயலாளர்