வாசலில் மணல் மூட்டை, குளியலறையில் வெள்ளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் ஆண்டுதோறும் வெளிவரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருபவன் நான். படகுகள் எத்தனை, நிவாரண முகாம்கள் எத்தனை, மோட்டார் பம்புகள் எத்தனை என்ற கணக்கு அவற்றில் இருக்கும். ஆனால் தரைத்தளத்தில் குடியிருக்கும் ஒருவர், தம் வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் அந்த ஓரிரண்டு மணி நேரத்தில் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதை எவரும் சொல்வதில்லை. தாம்பரத்திற்கு மேற்கே, அடையாற்றின் மேற்பகுதியை ஒட்டிக் குடியிருந்து, 2015-இலும் 2023-இலும் வீட்டுக்குள் தண்ணீரைப் பார்த்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி மாலை, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதும், எல்லோரையும் போல நாங்களும் வாசற்படியில் மணல் மூட்டைகளை அடுக்கிவிட்டு டார்ச் விளக்குடன் காவல் இருந்தோம். பின்கட்டிலிருந்து என் மாமியார் கூப்பிட்டார். குளியலறையின் சல்லடை மூடியைத் தூக்கிக்கொண்டு கரப்பான்கள் கூட்டமாக வெளியேறிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் குழாய்க்குள் ‘களக் களக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதன்பின் கறுத்த நீர் தரையில் பரவியது. வாசலில் ஒரு சொட்டு கூட உள்ளே வராத நிலையில், நடுக்கூடத்தில் கணுக்கால் அளவு கழிவுநீர் நின்றது. தெருவின் நீர்மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்தவுடன், வெளியே கழிவுநீரைக் கொண்டு செல்லும் அதே குழாய் உள்ளே கொண்டு வரும் வழியாக மாறிவிடுகிறது என்பது சிறு பிள்ளைக்கும் விளங்கும் உண்மைதான். அன்றைக்கு எங்கள் தெருவில் எவருக்கும் அது தோன்றவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்த அனுபவம் கைகொடுத்தது. பாலித்தீன் பைகளில் மணலை நிரப்பி இறுகக் கட்டி, குளியலறை, சமையலறை, துணி துவைக்கும் இடம் ஆகியவற்றின் துளைகளில் துணியைத் திணித்து, அதன்மேல் அப்பைகளை வைத்து அழுத்தினோம். கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் ஒரு பையை இறக்கி, மேலே பாரம் ஏற்றினோம். துளைகளை அடைத்த பிறகு வீட்டுக்குள் தண்ணீரைப் புழங்கக் கூடாது. புழங்கினால் அது போக வழியில்லை. இந்த அடைப்பு வெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அது ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாங்கிக் கொடுத்தது. பத்திரங்களையும் சான்றிதழ்களையும் பரணில் ஏற்றவும், வயதானவர்களை எதிர் வீட்டு மாடிக்கு அழைத்துச் செல்லவும் அந்த மூன்று மணி நேரம் போதுமானதாக இருந்தது. வெளியேறும் குழாயில் பிளம்பர்கள் ‘என்.ஆர்.வி.’ என்று சொல்லும் ஒருவழி வால்வைப் பொருத்திவிட்டால் இந்தத் துணிமணிப் பாடெல்லாம் வேண்டியதில்லை. ஆனால் அதில் குப்பை சிக்கினால் மூடாது என்பதால், மழைக்கு முன் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மழை வலுத்தால் தொலைக்காட்சிகள் அனைத்தும் செம்பரம்பாக்கம் ஏரியையே காட்டுகின்றன. 2015-இல் அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்ட நினைவு எல்லோர் மனத்திலும் ஊறியிருப்பதால், முடிச்சூர், வரதராஜபுரம் மக்களும் அந்தக் கணக்கைப் பார்த்தே மூட்டை கட்டுகிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் கலப்பது எங்களுக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கத்தில்தான். எங்கள் வீட்டுக்குள் வருவது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர். அந்த ஏரிகளின் கலங்கல், அதாவது உபரி நீர் வெளியேறும் கரைப்பகுதி, வழியத் தொடங்கிய செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேருவதற்கு ஒரு வழி இருந்தால், துளைகளை அடைக்கக் கிடைக்கும் நேரம் இரட்டிப்பாகும்.

மின்சாரத்தைப் பற்றி எழுதாமல் இக்கடிதம் முழுமை பெறாது. தெருவில் மின்சாரம் நிறுத்தப்பட்டவுடன் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பலரும் நினைக்கிறார்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், தெரு இருண்ட பிறகும் அதனுடன் இணைந்த சுவர் பிளக் பாயின்டுகளில் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பழைய வீடுகளில் அந்த பாயின்டுகள் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கின்றன. இன்வெர்ட்டரும் அதன் பேட்டரியும் பெரும்பாலும் தரையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே கால் நனையும் முன்பே மெயின் சுவிட்சை இறக்குவதோடு, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். மீட்டர் பெட்டிக்குத் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அதைத் தொடாமல் 94987 94987 என்ற மின்வாரியத்தின் மின்னகம் சேவை மைய எண்ணுக்கு அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்வதே முறை. சமையல் எரிவாயு சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை: காலி சிலிண்டர்தான் மிதக்கும் என்று எண்ண வேண்டாம், நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றிவிட்டு, சிலிண்டரைச் சன்னல் கம்பியில் கட்டிவைக்க வேண்டும்.

குடிநீர் விஷயத்தில் செய்யும் தவறு வாரக்கணக்கில் தொடர்கிறது. எச்சரிக்கை வந்தவுடன் மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிட்டு மோட்டாருக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். வெள்ள நாட்களில் வீட்டில் இருக்கும் ஒரே நல்ல தண்ணீர் அதுதான். தரையோடு தரையாக மூடி வைத்த நிலத்தடித் தொட்டியான சம்ப்புக்குள் வெள்ளநீர் இறங்கிய பிறகு, மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் மோட்டாரைப் போட்டு அந்த அழுக்கை மேலே ஏற்றியவர்கள் எங்கள் தெருவிலேயே பலர் உண்டு. சம்ப்பை முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்பிய பின் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் பிளீச்சிங் பவுடர் கரைசலைக் கலந்து அரை மணி நேரம் விட வேண்டும். குடிப்பதற்கு அதையும் கொதிக்க வைத்துக்கொள்வது நல்லது. மலக்குழித் தொட்டியை மட்டும், தெருவில் தண்ணீர் வடிந்த அன்றே லாரி வைத்து உறிஞ்ச வேண்டாம். சுற்றியுள்ள மண் ஊறி நிற்கும்போது தொட்டியைக் காலி செய்தால், வெளியழுத்தம் தாங்காமல் சுவர் விரிசல் விடக்கூடும். விரிசல் விடாவிட்டாலும் மறுநாளே ஊற்று நீர் நிரம்பி, லாரிக்குக் கொடுத்த பணம் வீணாகும்.

தண்ணீர் வடிந்ததும் நம்மவர்கள் முதலில் தேடுவது துடைப்பத்தை. அதற்கு முன் கைப்பேசியை எடுத்துச் சுவரில் தெரியும் நீர்க்கோட்டையும், நனைந்த பொருள் ஒவ்வொன்றையும் படம் பிடிக்க வேண்டும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டார் ஊறிய மெத்தை, குளிர்பதனப் பெட்டி, உப்பிப்போன ப்ளைவுட் அலமாரி எல்லாவற்றையும் அன்றே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். காப்பீட்டு மதிப்பீட்டாளர் நான்கு நாள் கழித்து வந்தபோது கழுவித் துடைத்த வெறும் அறையைத்தான் காட்ட முடிந்தது. அவராவது காப்பீடு எடுத்திருந்தார். மற்றவர்களுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பெயரே புதிது. 2021 ஏப்ரல் முதல் அனைத்துப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே மாதிரியான விதிகளுடன் வழங்க வேண்டிய வீட்டுக் காப்பீடு அது. வெள்ளமும் புயலும் மட்டுமல்லாமல், தொட்டியோ குழாயோ உடைந்து வழிவதால் ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். கட்டடத்தைக் காப்பீடு செய்தாலே, அத்தொகையில் 20 விழுக்காடு அளவுக்கு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுப் பொருட்களும் சேர்ந்துகொள்கின்றன. காருக்கு ஆண்டு தவறாமல் காப்பீடு கட்டும் நாம், காரை நிறுத்தும் வீட்டுக்கு அதை யோசிப்பதில்லை.

இவ்வளவும் வீட்டுக்காரரின் பொறுப்பு என்றால், வீடு ஏன் பள்ளத்துக்குப் போயிற்று என்ற கேள்வியை உள்ளாட்சிகளிடம்தான் கேட்க வேண்டும். நான் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வந்தோம். பழைய தாரின் மேலேயே புதிய தாரையும், அதன்மேல் சிமென்ட் சாலையையும் போட்டதில் இரண்டு படிகள் மண்ணுக்குள் போய்விட்டன. பின்கட்டுக் குளியலறை இப்போது தெருவைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டிலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருந்தார். அந்த அறிவுறுத்தல் பெருஞ்சாலைகளில் ஓரளவு பின்பற்றப்படுவதைப் பார்க்கிறேன். உட்தெருவுக்குச் சாலையைச் சுரண்டும் இயந்திரம் வந்து நான் பார்த்ததில்லை.

என் வேண்டுகோள் பெரிதொன்றும் இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது; ஊராட்சிகளில் கிராம சபை அக்டோபர் 2 அன்று கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் தெருவாரியாக ஒரு பட்டியலை வைத்து நிறைவேற்றினால் போதும்: தரைத்தளத்தில் தனியாக இருக்கும் முதியோர் யார், அவர்களுக்கு எந்த வீட்டு மாடி, கலங்கல் செய்தியை யாருக்கு யார் சொல்வது, எந்தெந்த வீட்டுக்கு எந்த மின்மாற்றியிலிருந்து மின்சாரம் வருகிறது, அதை நிறுத்த யாரை அழைப்பது. நகர்ப்புற வார்டுகளிலும் இதையே செய்யலாம். எங்கள் தெருவுக்கான பட்டியலை நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதி முடித்துவிட்டோம். தெருமுனை மின்மாற்றியின் தகட்டில் எழுத்துகள் துருப்பிடித்து அழிந்துபோனதால், அதன் எண்ணுக்குரிய இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தாம்பரம் மேற்கு.