வாசிகசாலைத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு,

கோயில் வளவிலுள்ள வாசிகசாலையின் திருத்த வேலைகள் முடிந்து, கட்டடம் மறுபடி திறந்தாயிற்று. கடந்த பொதுக்கூட்டத்தில் நீங்கள் திருப்பணிக் குழுவிடம் ஒப்படைத்த காரியங்கள் இரண்டு. ஒன்று, கட்டடத்தைத் திருத்துவது. மற்றது, உள்ளே ஒரு சுவரை இந்தியப் பாராளுமன்றத்தில் கால் நூற்றாண்டு இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனுக்கு ஒதுக்கி, அவருடைய வாழ்க்கையைப் படமும் எழுத்துமாக வைப்பது.

திருகோணமலையில் கடலுக்கு இவ்வளவு கிட்ட நிற்கிற எந்தக் கட்டடத்தையும் உப்புக்காற்று சும்மா விடாது. யன்னல்களுக்கு மேலே லிண்டல்கள் வெடித்து, உள்ளே கம்பி கறள் பிடித்து ஊதியிருந்தது. மேலால் பூசி மூடிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மூத்த மேசன் சம்மதிக்கவில்லை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். கொங்கிறீற் கட்டியாகக் கழன்று எங்கள் காலடியில் விழுந்தது. அதற்குமேல் பேச்சில்லை. எல்லா லிண்டல்களையும் இடித்து, மகாவலி ஆற்று மணலில் புதிதாக வார்த்தோம். கடல் மணல் ஒரு கூடைகூடச் சேரவில்லை.

கூரையில் பாதிக் கைமரங்கள் கறையானுக்குப் போயிருந்தன. பாலை மரத்தில் மாற்றினோம். முதலில் வந்த மரம் பச்சையாக இருந்ததால் திருப்பி அனுப்பினோம். காய்ந்த மரம் வரும்வரை காத்திருந்ததால்தான் வேலை மாரிவரை இழுபட்டது. ஒருவகையில் அதுவும் நல்லதாயிற்று. ஓடு போட்டு முடித்த கையோடு நல்ல மழை பிடித்தது, உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. பீலி, வயரிங், மலசலகூடம் எல்லாம் புதிது.

இனி அந்தச் சுவர். கோயில் காணிக்குள் கம்யூனிஸ்ட்டுக்காரரின் படமா என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதிலாகத்தான் கேரளத்துக் குருவாயூரை முதல் பலகையாக வைத்தோம். 1931 நவம்பர் 1ஆம் திகதி, எல்லாச் சாதியாரையும் குருவாயூர்க் கோயிலுக்குள் விட வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கேளப்பன் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அதன் தொண்டர் படைத் தலைவர் கோபாலன். அப்போது அவருக்கு வயது 27. பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டு, உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறைக்குப் போய் வந்திருந்த காங்கிரஸ்காரர். கோயில் வாசலில் அடி வாங்கினார். அந்தக் கதவு எல்லோருக்கும் திறக்க 1947 ஆனது. கேள்வி கேட்ட பெரியவர்களில் ஒருவரே இந்தப் பலகையின் கண்ணாடிச் சட்டத்துக்கான செலவை ஏற்றுக்கொண்டார்.

1936இல் கண்ணூரிலிருந்து சென்னைக்கு நடந்த பட்டினி எதிர்ப்பு யாத்திரை, 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பியது எல்லாம் அடுத்தடுத்த பலகைகளில் உண்டு. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்து அவர் மார்க்சிஸ்ட் பக்கம் நின்ற கதைக்கு இரண்டு வரிதான் கொடுத்தோம். அதைவிட நம் ஊருக்கு முக்கியமான ஒன்று இருந்தது.

நடுப்பலகை 1950ஆம் ஆண்டு வழக்கைப் பற்றியது. இந்தியா சுதந்திரம் பெற்ற நாளன்று கோபாலன் கண்ணூர்ச் சிறையில் இருந்தார். வெளியே வந்து சில வாரங்களிலேயே, 1947 டிசம்பரில், மறுபடி பிடித்தார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே, விசாரணை இல்லாமல் ஆளை அடைத்து வைக்க விடுகிற தடுப்புக்காவல் சட்டம் வந்தது. 1950 மார்ச்சில் அதன்கீழ் புதிய உத்தரவைச் சிறைக்குள்ளேயே கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்கள். அரசியலமைப்புக்கு அப்போது வயது சில வாரம். தன்னை அடைத்து வைத்திருப்பது அந்த அரசியலமைப்புக்கே விரோதம் என்று உச்ச நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார்.

1950 மே 19இல் தீர்ப்பு. கோபாலன் தோற்றார். பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அதிலுள்ள நடைமுறைப்படி ஆளை அடைத்தால் போதும், அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்காது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி பசல் அலி மட்டும் அதை ஏற்கவில்லை. உரிமைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கக் கூடாது, ஒருவனுடைய பக்கத்தைக் கேட்பதும் நடைமுறையில் அடங்கும் என்பது அவர் கருத்து. ஆனால் ஒரு விடயத்தில் கோபாலன் வென்றார்: தடுத்து வைத்ததற்கான காரணத்தை நீதிமன்றத்துக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றிருந்த, தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவு செல்லாது என்று தள்ளினார்கள். பசல் அலியின் பார்வை 1970இலும் 1978இலும் வந்த தீர்ப்புகளில் அந்நாட்டின் சட்டமாகவே ஆகிவிட்டது.

இந்தப் பலகையை மற்றவற்றைவிடப் பெரிதாகச் செய்தோம். காரணம் உங்களுக்குத் தெரியும். நம் நாட்டில் தற்காலிகம் என்று 1979இல் வந்து 1982இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் பிள்ளையைக் கொடுத்த வீடுகள் நம்மிடையே உண்டு. திறப்பு விழாவன்று ஒரு தாய் இந்தப் பலகையின் முன்னால் நின்று, பக்கத்தில் நின்ற பேத்தியிடம் சத்தமாக வாசிக்கச் சொன்னார். 14ஆம் பிரிவு வந்ததும், அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

1952இல் அதே கோபாலன் கண்ணூரிலிருந்து மக்களவைக்குத் தெரிவானார். தன்னை அடைத்த சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே, எதிர்க்கட்சிகளில் பெரியதான கம்யூனிஸ்ட் குழுவுக்குத் தலைவராக அங்கே உட்கார்ந்தார். அப்புறம் காசர்கோட்டிலிருந்து மூன்று தடவை, 1971இல் பாலக்காட்டிலிருந்து. சபையோடு நின்றுவிடுகிற ஆள் இல்லை. 1957இல் காப்பி வாரியம் தன் காப்பிக் கடைகளை மூடித் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பியபோது, நீங்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நடத்துங்கள் என்று அவர்களுக்குத் துணை நின்றார். சங்கக்கடை பார்த்து வளர்ந்த நமக்கு அது விளங்கும். கேரளத்துக்கு யாத்திரை போனவர்கள் இந்தியன் காப்பி ஹவுஸில் விசிறிமடிப்புத் தலைப்பாகைப் பரிசாரகர் கையால் காப்பி குடித்திருப்பீர்கள். அது இந்த மனுசன் முன்னின்று செய்த காரியம். 1961இல் இடுக்கி மலையில் வீடு பிடுங்கப்பட்டுக் கொட்டும் மழையில் அமராவதியில் விடப்பட்ட விவசாயிகளுக்காக உண்ணாவிரதம் இருந்தார்.

கடைசிப் பலகை 1975. இந்தியாவில் இந்திரா காந்தி அரசின் அவசரநிலை வந்ததும் மறுபடி கைது. விடுதலையாகி, உடம்பு முடியாத நிலையிலும் ஜூலையில் மக்களவையில் எழுந்து அதைக் கண்டித்துப் பேசினார். 1977 மார்ச் 21இல் அவசரநிலை நீங்கியது. மறுநாள் அவர் காலமானார்.

வரவுசெலவுக் கணக்கு, கணக்குப் பரிசோதகரின் ஒப்பத்தோடு வாசலிலுள்ள அறிவித்தல் பலகையில் இருக்கிறது. பற்றுச்சீட்டுகளைப் பொருளாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். மேசன்மாருக்கும் தச்சருக்கும், சாந்து குழைத்த, ஓடு ஏற்றிக் கொடுத்த இளைஞர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பிய பிள்ளைகளுக்கும் குழுவின் மனமார்ந்த நன்றி. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் மட்டும் பாக்கி. மீதிப் பணத்தை அதற்கென ஒதுக்கியிருக்கிறோம்; தைப்பொங்கல் கழிந்ததும் வேலை தொடங்கும். திருத்த வேலைக்காகப் புத்தகங்களை வீட்டில் வைத்துப் பாதுகாத்தவர்கள், மாலை நான்கு மணிக்குப் பிறகு கொண்டுவந்து நூலகரிடம் பதிந்து ஒப்படைக்கவும்.

இவ்வண்ணம்,
திருப்பணிக் குழுவினர்,
திருகோணமலை